ஐம்பத்தைந்து சதவீத வீடு

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது கம்பெனியின் சம்பளச் சீட்டில் மட்டும் உயிரோடிருந்தது. மற்றபடி லிஃப்ட் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில், குடியிருந்த தெருவில், மாமியார் வீட்டில், எங்கேயும் அவர் சதவீதம்தான். "சதவீதம் வந்தாச்சா?" என்று கேட்டால், "இன்னும் இல்லை, வர வாய்ப்பிருக்கு" என்று யாராவது பதில் சொல்லிச் சிரிப்பார்கள். அவர் அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார். பெரிய மனிதர்கள் அப்படித்தான்.

பெரிய மனிதர்களின் வாழ்வில் ஞானம் பிறந்த இடம் ஒன்று இருக்கும். இவருக்கு அது முடிவெட்டும் கடை. பாதித் தலை வெட்டி, பாதித் தலை மிச்சமிருக்கையில், மடியில் கிடந்த பழைய வாரப் பத்திரிகையில் அவர் ஒரு பத்தியைப் படித்தார். ஐம்பத்திரண்டு சீட்டில் நான்கு ஏஸ். ஆகவே கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவினால் அது ஏஸாக இருக்கப் பதிமூன்றில் ஒரு வாய்ப்பு. அவ்வளவுதான். அதே பத்தியைத் தினம் பத்துப் பேர் படித்துவிட்டு முடியைத் தட்டிக்கொண்டு எழுந்து போனார்கள். இவர் ஒருவர்தான் வேறு ஆளாக எழுந்தார்.

"பதிமூணுல ஒண்ணு. யோசிச்சுப் பாத்தீங்களா?" என்று முடிவெட்டுபவரிடம் கேட்டார்.

"தலையைக் குனிங்க," என்றார் அவர்.

அன்று முதல் உலகம் அவருக்குச் சீட்டுக்கட்டாகத் தெரிந்தது. சிவப்பு வருமா என்றால் பாதிக்குப் பாதி. இதயம் போட்ட ஆட்டின் சீட்டு வருமா என்றால் நாலில் ஒன்று. ராஜா, ராணி, ஜாக்கி ஆகிய படச் சீட்டுகள் மொத்தம் பன்னிரண்டு. ஒன்றை உருவினால் படம் வர நூற்றுக்கு இருபத்து மூன்று. அடுத்தடுத்து இரண்டு ஏஸ் வருமா என்று யாரும் கேட்கமாட்டார்கள்; அவரே கேட்டுக்கொண்டு அவரே பதிலும் சொல்வார். "முதல் ஏஸ் கைக்கு வந்ததும் கட்டுல மிச்சம் மூணு ஏஸ்தான், சீட்டும் அம்பத்தொண்ணுதான். அதைக் கழிச்சுக்கணும். இருநூத்தி இருபத்தியொண்ணுல ஒரு தடவை." டீ ஆறிப்போகும். கேட்பவரின் முகமும் ஆறிப்போகும்.

இவ்வளவு தெரிந்தவர் ரம்மியில் தினமும் தோற்றார். வாய்ப்பைக் கணக்கிடத் தெரிந்தவன் ஜெயிக்க வேண்டும் என்று எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லையே. ஜெயிப்பவன் ஏன் ஜெயித்தான் என்று தோற்றவர் விளக்கிச் சொல்வது அந்த ஒர்க்‌ஷாப்பில் மட்டும் நடந்த அதிசயம்.

வீட்டிலும் ஞானம் ஓயவில்லை. ஒருநாள் மனைவி ஈரத் துணி வாளியோடு மாடிப்படியில் நின்று, "ஏங்க, மழை வருமா?" என்று கேட்டாள்.

"நாப்பது சதவீதம்."

"சரி. நாப்பது சதவீதத் துணியை உள்ள போடறேன், மிச்சத்தை வெளிய போடறேன். ஜாக்கெட்டுக்கு ஒரு கை உள்ள, ஒரு கை வெளிய. போதுமா?"

அவர் சிரிக்கவில்லை. அப்படிச் செய்தால் நனையும் துணியின் சராசரி என்ன என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

மனைவி ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி நர்ஸ். ஊர் எழும் நேரத்தில் வீடு திரும்பி, ஊர் வேலைக்குப் போகும் நேரத்தில் படுப்பாள். படுப்பாள் என்றுதான் சொல்லலாம். தூங்குவாள் என்று சொல்ல ஆதாரம் இல்லை. அவர்கள் குடியிருந்த ஒற்றை அறைக்கு நேர் கீழே தகரப் பட்டறை. ஒன்பது மணிக்குச் சுத்தியல் எழும். காதில் பஞ்சு, பஞ்சுக்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் தலையணை என்று அவள் மூன்றடுக்குப் பாதுகாப்போடு படுத்தாலும், சுத்தியல் கட்டில் கால் வழியாக ஏறி வந்து எலும்பில் அடிக்கும். கண்ணை மூடியபடியே கீழே என்ன வேலை நடக்கிறது என்று சொல்லிவிடுவாள். "இன்னைக்கு வாளி. நாளைக்கு டிரங்குப் பெட்டி போல, தகடு இறக்கறாங்க." போன மாதம் வார்டில் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டு, அதே நோயாளியிடம் திரும்பி வந்து "ஊசி போட்டாச்சா?" என்று கேட்டிருக்கிறாள். நோயாளி விழித்திருந்ததால் பிழைத்தார்.

இந்த நிலையில்தான் கம்பெனி குவார்ட்டர்ஸில் ஒரு வீடு காலியாயிற்று. இரண்டு அறை, தனிக் குளியலறை, பின்னால் வெறும் சுவர், சுவருக்குப் பின்னால் நாலைந்து மரம். மனைவி ஒருநாள் டியூட்டி முடிந்த கையோடு அதைப் பார்க்கப் போனாள். காலி அறையில், வெறும் தரையில், சுவரில் சாய்ந்து சற்று உட்கார்ந்தாள். சாவி வாங்க வந்த வாட்ச்மேன் நாலு தடவை கதவைத் தட்டி, கடைசியில் பயந்துபோய்ப் பக்கத்து வீட்டு அம்மாவைக் கூட்டிவந்து எழுப்ப வேண்டியிருந்தது.

அன்று கணவனிடம் அவள் சொன்னது ஒரே வரி. "எனக்கு அந்த வீடு வேணும்ங்க."

சதவீதம் கண்ணை மூடி யோசித்து, "வாய்ப்பிருக்கு," என்றார்.

வாய்ப்புக்குப் போட்டியாக ஒருவன் இருந்தான். லிஃப்ட் ஓடும் தண்டவாளத்துக்கு எண்ணெய் போடுவது அவன் வேலை. அதனால் பெயர் கிரீஸ். இவரைவிட ஏழெட்டு வயது சின்னவன்; ஆனால் இருவரும் வேலைக்குச் சேர்ந்தது ஒரே நாள், ஒரே ஆர்டரில். மேனேஜர் இரண்டு விண்ணப்பத்தையும் ஒரு மாதம் மேசையில் வைத்து ஆராய்ந்து, யோசித்து, அதிகாரிகளுக்கே உரிய துணிச்சலோடு, "நீங்களே பேசி முடிச்சுக்குங்கப்பா," என்று முடிவெடுத்தார்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் பேசி முடிப்பதென்றால் சீட்டு எடுப்பதென்று அர்த்தம். அது பழைய வழக்கம். ஊரின் ஒரு மூலையில் பதினாலு மாடிக் கட்டிடம் ஒன்றில் கிழவி என்று ஒரு லிஃப்ட் இருந்தது. மழைக்கு அதன் குழியில் தண்ணீர் நிற்கும். யார் அந்தக் குழியில் இறங்குவது, லீவு நாளில் கிழவி நின்றுபோனால் யார் போய் எழுப்புவது என்பதெல்லாம் சீட்டுத்தான் தீர்மானிக்கும். சீட்டுக்கட்டு இருக்குமிடம் முதலுதவிப் பெட்டி. அதில் வேறெதுவும் இல்லாததால் இடம் தாராளமாக இருந்தது.

போர்மேன் கட்டை எடுத்து வெளியே வைத்தார். "ஆளுக்கு ஒரு சீட்டு. பெரிய சீட்டுக்காரனுக்கு வீடு. நாளைக்கு டீ டைம்ல முடிச்சிடலாம்."

பாதிக்குப் பாதி என்ற சாதாரண நியாயம் சதவீதத்துக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருடப் படிப்புக்கு அது அவமானம். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ரெண்டு பேருக்கும் ஒரே சீட்டு வந்தா? மறுபடி எடுக்கணும், தகராறு வரும். சுலபமா ஒண்ணு சொல்றேன். நான் மட்டும் மூணு சீட்டு எடுக்கறேன். ஒண்ணாவது படமா இருந்தா வீடு எனக்கு. மூணும் வெறும் நம்பரா இருந்தா வீடு தம்பிக்கு."

"நீயே சட்டம் போட்டு, நீயே சீட்டு எடுக்கறியா?" என்றார் போர்மேன்.

"கலைக்கறது நீங்க. வெட்டறது தம்பி. இதுல என்ன இருக்கு?"

கிரீஸ் விரலை மடக்கினான். "படம் பன்னெண்டு. வெறும் நம்பர் நாப்பது. எனக்குத்தானே அதிகம்? சரிண்ணே."

அதிகம்தான், ஒரு சீட்டுக்கு. மூன்று சீட்டு என்றால் கதை வேறு. முதல் சீட்டு படமில்லாமல் போக ஐம்பத்திரண்டில் நாற்பது வாய்ப்பு. அது போனபின் ஐம்பத்தொன்றில் முப்பத்தொன்பது. பிறகு ஐம்பதில் முப்பத்தெட்டு. மூன்றையும் பெருக்கினால் நூற்றுக்கு நாற்பத்தைந்துகூட முழுசாகத் தேறாது. மிச்ச ஐம்பத்தைந்தும் சொச்சமும் சதவீதத்தின் பக்கம். ஒரு பொய் சொல்லாமல், ஒரு சீட்டைக்கூட மடித்து வைக்காமல், கூடப்பிறக்காத தம்பியின் பையிலிருந்து ஐந்து சதவீதத்தை அவர் உருவிவிட்டார். நேர்மையானவர்கள் ஏமாற்றும் முறை இதுதான். சாட்சி இருக்காது, மனசாட்சிக்கும் கணக்குப் புரியாது.

அன்று மதியம் குழாயடியில் கையிலிருந்த மசகைக் கழுவிக்கொண்டிருந்தபோது கிரீஸ் பக்கத்தில் வந்து நின்றான்.

"அண்ணே, ஒரு விஷயம். வீட்டை நீங்களே எடுத்துக்குங்க. சீட்டெல்லாம் வேண்டாம்."

சதவீதத்தின் கை சோப்போடு நின்றது. "ஏன்?"

"என் மாமியார் அடுத்த தெருவுல இருக்காங்க. பிள்ளைங்களை அவங்கதான் பாத்துக்கறாங்க. அவ்வளவு தூரம் போனா யாரு பாப்பாங்க? நீங்க எழுதிக் குடுத்தீங்களேன்னு நானும் குடுத்துட்டேன். எனக்கு வீடு முக்கியமில்லண்ணே. உங்க காலை ஷிஃப்ட்டை எனக்கு மாத்திக் குடுங்க, அது போதும். நான் வீட்டுக்குப் போறப்ப சின்னவ தூங்கிடறா. ஞாயித்துக்கிழமை என்னைப் பாத்து மாமாங்கறா."

வேறொருவராக இருந்தால் ஈரக் கையோடு அவனைக் கட்டிக்கொண்டு, அப்படியே மேனேஜர் அறைக்கு இழுத்துப் போயிருப்பார். சதவீதம் சாதாரண ஆளா? காலை ஷிஃப்ட் இரண்டு மணிக்கு முடியும். இரண்டிலிருந்து ஐந்து வரை ஓய்வறையில் கட்டைப் பரப்பி அவர் நடத்தும் தர்பார் ஒன்று இருந்தது. நாலு பேர் கேட்பார்கள், அதில் இருவர் தூங்குவார்கள், அதனாலென்ன? அதை விட்டுவிடுவதா? மேலும், எதிராளி தானாகவே விலகி வருகிறான் என்றால் என்ன பொருள்? கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டான், பயந்துவிட்டான். பயந்தவனுக்கு ஷிஃப்ட்டும் கொடுக்க வேண்டுமா?

"நாளைக்குச் சீட்டே சொல்லட்டும்பா," என்றார்.

"ஏண்ணே, கைக்கு வர்றதை…"

"சும்மா வரலையே. ஷிஃப்ட்டைக் கேக்கற இல்ல."

கிரீஸ் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான்.

சாயங்காலம் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த மனைவியிடம் சதவீதம் விஷயத்தைச் சொன்னார், குழாயடிப் பேச்சை மட்டும் விட்டுவிட்டு.

"அம்பத்தஞ்சு சதவீதம் நமக்கு."

"மிச்சம் நாப்பத்தஞ்சு?"

"அது அந்தப் பக்கம்."

"அந்தப் பக்கம்னா யாரு பக்கம்?"

"வாய்ப்புக் கம்மியான பக்கம். நீ ஏன் அதைப் பாக்கற?"

"நான் வேலை பாக்கற வார்டுல அந்தப் பக்கத்து ஆளுங்கதாங்க முக்கால்வாசி படுத்திருக்காங்க," என்று செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "டாக்டர் தொண்ணூறுன்னு சொன்னாலே நாங்க மிச்சம் பத்தைத்தான் பாப்போம். நீங்க அம்பத்தஞ்சுன்னு சிரிக்கறீங்க."

அவள் போனபின் அவர் கட்டில்மேல் உட்கார்ந்து மூன்று மூன்று சீட்டாக எடுத்துப் பார்த்தார். பத்துக்கு ஆறு முறை படம் வந்தது. அதற்குமேல் என்ன அத்தாட்சி வேண்டும்? புது வீட்டில் கட்டிலை எந்தச் சுவரோரம் போடுவது என்று யோசித்தபடி நிம்மதியாகத் தூங்கினார். அந்த வீட்டில் தூக்கம் தேவைப்படாத ஒரே ஆள் அவர்தான்.

மறுநாள் டீ நேரத்தில் ஒர்க்‌ஷாப்பே மேசையைச் சுற்றி நின்றது. போர்மேன் கலைத்தார். கிரீஸ் வெட்டினான். சதவீதம் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஆபரேஷனுக்கு நிற்கும் டாக்டரைப் போல விரல்களை நீட்டினார்.

முதல் சீட்டு, கிளாவர் ஏழு.

"பரவாயில்லை. இப்ப கட்டுல அம்பத்தொண்ணு. படம் இன்னும் பன்னெண்டும் அப்படியே இருக்கு. வாய்ப்பு கூடிடுச்சு."

இரண்டாவது, டைமண்ட் நாலு.

"இப்ப அம்பதுல பன்னெண்டு. பாத்தீங்களா, இன்னும் கூடிடுச்சு. ஏறிக்கிட்டே போகுது."

"ஏறட்டும், ஏறட்டும். எடு," என்றார் போர்மேன்.

மூன்றாவது, ஆட்டின் பத்து.

"ஜாக்கிக்குப் பக்கத்து வீடு," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "கதவைத் தட்டிப் பாரு, திறந்தாலும் திறப்பான்."

சதவீதம் பத்தைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, பள்ளிக்கூட வாத்தியாரின் பொறுமையோடு பேசினார்.

"ஒரே ஒரு தடவை எடுத்ததை வச்சு முடிவு பண்ணக் கூடாது. அது கணக்குக்கே விரோதம். நூறு தடவை எடுத்தா அம்பத்தஞ்சு தடவை எனக்குத்தான் வரும்."

"வரும்டா, யார் இல்லைன்னா?" போர்மேன் சீட்டைத் திரட்டி முதலுதவிப் பெட்டியில் போட்டார். "ஆனா வீடு ஒண்ணுதானே இருக்கு."

அவருடைய இத்தனை வருட ஆராய்ச்சியில் யாரும் எழுப்பாத கேள்வி இது. பதில் இல்லாததால், அது கேள்வியே இல்லை என்று அவர் முடிவு செய்தார்.

வீட்டுக்குப் போனபோது மனைவி விழித்துத்தான் இருந்தாள். கீழே டிரங்குப் பெட்டி. விஷயத்தைக் கேட்டாள். காதிலிருந்த பஞ்சை எடுத்து விரலில் உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் திட்டியிருந்தால் அவர் சமாளித்திருப்பார். அந்தப் பஞ்சு உருளுவதைப் பார்க்கத் தாங்காமல், தன் கணக்கில் பிழையில்லை என்று காட்ட வேண்டிய அவசரத்தில், பெரிய மனிதர்களுக்கே வரும் அந்தப் புத்தி அவருக்கும் வந்தது.

"என் கணக்குல தப்பே இல்ல. கிரீஸே பயந்துட்டான்னா பாத்துக்கோயேன். நேத்து குழாயடியில வந்து, வீட்டை நீங்களே எடுத்துக்குங்க, ஷிஃப்ட்டை மட்டும் மாத்திக் குடுங்கன்னு கெஞ்சினான்."

பஞ்சு உருளுவது நின்றது.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சீட்டே சொல்லட்டும்னேன்."

"வீட்டைக் குடுக்கறேன்னு சொன்னான்."

"ஆமா."

"முழு வீடு."

"ஆமா. ஆனா அதுக்கு ஷிஃப்ட்டை…"

"நூத்துக்கு நூறு கையில வந்து நின்னுச்சு. நீங்க அதை வேண்டாம்னு சொல்லிட்டு அம்பத்தஞ்சுக்குப் போயிருக்கீங்க."

இந்தக் கோணத்தில் அவர் பார்த்திருக்கவில்லை. நூறு என்பது அவர் ஆராய்ச்சிக்கு வெளியே இருந்த எண். அதில் கணக்குப் போட எதுவுமில்லை, ருசியுமில்லை. அதைச் சொல்லத் தொடங்குவதற்குள் அவள் எழுந்து, அவிழ்ந்த முடியை முடிந்து, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டாள். கீழே பட்டறை ஆள் சுத்தியலை நிறுத்தி, "என்னம்மா, இன்னைக்குத் தூங்கலையா?" என்று உண்மையான அக்கறையோடு கேட்டது மாடிவரை காதில் விழுந்தது.

கிரீஸ் வீட்டில் நடந்தது சுருக்கமானது. அவன் மதிய ஷிஃப்ட்டில் இருந்தான். அவன் மனைவியும் மாமியாரும் இருந்தார்கள். மூன்று பெண்கள், மூன்று தம்ளர் டீ. யாரும் எதையும் உருவவில்லை, கலைக்கவில்லை, வெட்டவில்லை. ஆனால் வீடு இப்போது கிரீஸின் பெயரில் இருந்ததால் விலை ஏறியிருந்தது. அதை மாமியார் நயமாகச் சொன்னார்.

"நேத்து மாப்பிள்ளை ஷிஃப்ட் மட்டும்தான் கேட்டார்மா. இப்ப ஜெயிச்சுட்டார் இல்ல. லீவு நாள்ல அந்தக் கிழவி லிஃப்ட்டுக்குப் போறதையும் உங்க வீட்டுக்காரரே பாத்துக்கட்டும். இவர் ஒரு லீவாவது வீட்ல இருக்கட்டும்."

"எந்தெந்த லீவு?"

"எல்லா லீவும்தான்."

"சரி," என்றாள். யோசிக்கவில்லை. தூங்காத மூளைக்கு யோசிக்கத் தெம்பில்லை என்பது ஒரு காரணம். கிழவியின் குழியில் இறங்கப் போவது தானில்லை என்பது இன்னொன்று.

மறுநாள் மேனேஜர் முன்னால், வீடு சதவீதத்துக்கு, காலை ஷிஃப்ட் கிரீஸுக்கு என்று இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். மேனேஜர் மகிழ்ந்துபோனார். "பாத்தீங்களா, பேசினா முடியும்னு நான் அப்பவே சொன்னேன்," என்று அந்தப் பெருமையையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். கிரீஸ் வெளியே வந்ததும் கேட்டான்:

"கோவமில்லையே அண்ணே?"

"கோவம் எதுக்குப்பா? நீ அந்த நாப்பத்தஞ்சுல தப்பிச்ச, அவ்வளவுதான்."

"நான் எதுலயும் தப்பிக்கலண்ணே. குழாயடியில நீங்க சரின்னிருந்தாலும் எனக்கு ஷிஃப்ட் வந்திருக்கும், சீட்டுல நான் ஜெயிச்சும் வந்துடுச்சு. சீட்டுல நீங்க ஜெயிச்சிருந்தா மட்டும்தான் வந்திருக்காது," என்று சொல்லிவிட்டுக் கிரீஸ், மகள் விழித்திருக்கும் நேரத்துக்கு வீட்டுக்குப் போனான்.

இப்போது குவார்ட்டர்ஸில் வாசம். சதவீதத்துக்கு மதிய ஷிஃப்ட். அதனால் காலை முழுக்க வீட்டில் அவர் விழித்திருப்பார், மனைவி தூங்குவாள். தூக்கம் என்றால் அப்படியொரு தூக்கம். வாய் லேசாகத் திறந்து, கை கட்டிலுக்கு வெளியே தொங்க, முதல் வாரம் அவர் இரண்டு முறை மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் இப்போதெல்லாம் அவள் யாருக்கும் இரண்டாவது ஊசி போடப் போவதில்லை. லீவு நாளில் கிழவியின் குழியில் முழங்கால் தண்ணீரில் நிற்கும்போதுகூட, அவர் மனதில் அந்தத் தூக்கம் தெரிந்திருக்கலாம். தெரிந்தாலும் அதை ஒப்புக்கொள்ளும் ஆளில்லை.

ஒரே குறை, சீட்டு. சமையலறையில் அவர் கட்டைக் கையிலெடுத்து ஒரு கலை கலைத்தாரோ இல்லையோ, உள்ளேயிருந்து குரல் வரும்.

"ஏங்க, என்ன சத்தம்?"

தகரப் பட்டறைக்கு மேலே குடித்தனம் நடத்திய காது அது. அதற்கு ஐம்பத்திரண்டு காகிதத் துண்டின் சரசரப்பு கேட்டுவிடுகிறது. அவர் மேசையில் துண்டை விரித்து, ஒவ்வொரு சீட்டாகப் பூப்போலத் தொட்டு இடம் மாற்றிக் கலைக்கக் கற்றுக்கொண்டார். ஒரு கலைப்புக்கு அரைமணி நேரம் ஆகிறது. அதற்குள் ஷிஃப்ட்டுக்கு நேரமாகிவிடுகிறது.

பக்கத்து வீட்டுக்கு ஒரு புது எலெக்ட்ரீஷியன் குடிவந்தான். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று மரியாதையாகக் கேட்டான்: "இந்த வீட்டுக்கு ரொம்பப் போட்டின்னு சொன்னாங்க சார். உங்களுக்கு எப்படிக் கிடைச்சுது?"

சதவீதத்தின் முகம் மலர்ந்தது. எவ்வளவு நாளாயிற்று ஒருவர் தானாக வந்து கேட்டு.

"கணக்குத்தான் தம்பி. அம்பத்தஞ்சு சதவீதம் எனக்குன்னு அப்பவே சொன்னேன். ஒருத்தரும் நம்பல. இப்ப வீடு யார் கையில இருக்கு?"

"உங்க கையில."

"அதான். கணக்கு பொய் சொல்லாது."

உள்ளேயிருந்து ஒரு புரளும் சத்தம் வந்தது. சதவீதம் சட்டென்று குரலை இறக்கி, வேலியில் குனிந்து, முதல் ஏஸ் போனால் சீட்டுக்கட்டில் மிச்சம் எத்தனை ஏஸ் என்று அவன் காதில் கிசுகிசுக்கத் தொடங்கினார்.